ராஜபாளையத்து ஆங்கிலத்துக்கு வினைச்சொல் வேண்டும்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆங்கிலச் சொல் பேசுகிறார் என்று யாராவது பக்கத்தில் இருந்து எழுதிப் பார்க்கலாம். புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் என்று, பஞ்சு உள்ளே போகிற இடத்திலிருந்து நூலாக வெளியே வருகிற இடம் வரை எல்லாமே ஆங்கிலம்தான். ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கிறவர் சைடர். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டுகிறவர் டாஃபர். அறுந்த இழையை ஒட்டுவது பீசிங். நூலின் கனத்தைச் சொல்லும் கவுண்டுகூட இங்கிலீஷ் கவுண்டுதான். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். கெஜமும் பவுண்டும் கடைத்தெருவை விட்டுப் போய் எவ்வளவோ காலமாயிற்று. மில்லுக்குள் இன்னும் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்றே பேச்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து கணக்கிட்டால் தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறை இந்தச் சொற்களோடு சோறு தின்றிருக்கிறது.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண், பி.காம். முடித்துவிட்டு மதுரையிலோ கோயம்புத்தூரிலோ நேர்காணலுக்குப் போய் உட்காருகிறாள். 'வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?' என்று கேட்கிறார்கள். 'மை ஃபாதர், மில்...' என்பதோடு நின்றுவிடுகிறாள். அப்பா செய்கிற வேலை அவளுக்கு நன்றாகவே தெரியும். ரிங் ஃபிரேம் தெரியும், டாஃபிங் தெரியும், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு தெரியும். ஆனால் அவளிடம் வந்து சேர்ந்த ஆங்கிலம் முழுக்கப் பெயர்ச்சொல். எந்த ஆங்கில வினை வந்தாலும் தமிழ் அதைப் பெயராக வாங்கி ஒரு 'பண்ணு' சேர்த்துக்கொள்கிறது. டாஃப் பண்ணு, செக் பண்ணு, ஆஃப் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. தமிழுக்கு இதனால் குறை ஒன்றும் இல்லை. வாக்கியம் தமிழாகவே நிற்கிறது. ஆங்கிலம் தேவைப்படுகிற நாளில்தான் தெரிகிறது, கையில் பூ இருக்கிறது, தொடுக்க நார் இல்லை என்று.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர நினைக்கிறவர்கள் கொடுக்க வேண்டியது அந்த நாரைத்தான். அதை எங்கிருந்தோ வாங்கிவர வேண்டாம். பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற மில், தறி, ரயில் நிலையம், மிட்டாய்க் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் காலத்தில் பள்ளி இறுதி முடித்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லாத வீடுகள் டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பின. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். எனக்கு ஆங்கில வாக்கியம் முதலில் வந்தது விரல் வழியாகத்தான். 'வித் ரெஃபரன்ஸ்' என்று அடித்தால் அடுத்து வருவது 'டு' என்பதை விரல் தானாகவே தெரிந்துகொண்டது. 'இன் ரெஸ்பான்ஸ் டு', 'ஆன் பிஹாஃப் ஆஃப்', 'அட் யுவர் ஏர்லியஸ்ட்' எல்லாம் அப்படி வந்தவைதான். பொருள் பிறகு வந்தது. இந்தச் சிறு சொற்களை விதியாகப் படித்தவர்கள் இன்றைக்கும் 'இன்'னா 'ஆன்'னா என்று ஒரு கணம் தயங்குவதைப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த வட்டாரத்தில் விசைத்தறியில் நெய்கிற காஸ் துணியும் பேண்டேஜும் வெளிநாடுகளுக்குப் போகின்றன. அங்கே வாங்குகிறவர்களின் கடிதங்கள் வரும். முதலில் தபாலிலும் ஃபேக்ஸிலும், பிறகு மின்னஞ்சலில். 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஸ்டாக்.' 'த கன்டெய்னர் இஸ் ஹெல்ட் அப் அட் த போர்ட்.' 'ப்ளீஸ் பேர் வித் அஸ்.' 'வீ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ.' தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு நிற்கிறது, இங்கே கூலி கொடுக்கப் பணம் புரட்ட வேண்டும், மேனேஜர் நிலைகொள்ளாமல் நடக்கிறார். அந்த நேரத்தில் 'ஹெல்ட் அப்' என்ற தொடரைப் படித்தவளுக்கு அகராதி எதற்கு? யாரும் அதை எனக்குப் பாடமாக நடத்தவில்லை. இன்றுவரை மறக்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மரபுத்தொடர் என்று நடத்துவது என்ன? 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', 'எ பீஸ் ஆஃப் கேக்', 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று ஒரு பட்டியல். மனப்பாடம் செய்து, பொருத்துக பகுதியில் எழுதி, மதிப்பெண் வாங்கி மறந்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்களை அத்தனை வருடம் படித்ததில் பூனையும் நாயும் பெய்த மழையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாள்தோறும் பார்த்தவை எல்லாம் 'ரன்', 'ஹோல்ட்', 'கெட்', 'புட்', 'டேக்', 'டர்ன்' போன்ற சின்னஞ்சிறு வினைகள். அவற்றோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஆன்' ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சு ஓடுவது இவற்றின் மேல்தான். மில்லில் சொல்கிற 'டாஃப்' கூட 'டூ ஆஃப்' என்ற இரண்டும் சேர்ந்து பழங்காலத்தில் உருவானதுதான். தினமும் டாஃபிங் பார்க்கிற ஒரு பையனுக்கு அதைச் சொல்லி, அங்கிருந்து 'டேக் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்', 'கட் ஆஃப்', 'வேர் ஆஃப்' என்று கொண்டுபோனால், 'ஆஃப்' என்றால் விலகுதல் என்பது அவனுக்கு ஒரே மாலையில் பிடிபடும்.

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்க இந்த ஊர்களைவிட வசதியான ஊர் கிடையாது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்து பல நூற்றாண்டு கம்பளியையும், பிறகு லங்காஷயர் மில்களின் பருத்தியையும் நம்பி வாழ்ந்த நாடு. அதன் பேச்சு முழுக்க இழையும் துணியும் கிடக்கிறது. 'ஹேங்கிங் பை எ த்ரெட்' என்றால் ஒற்றை இழையில் தொங்குவது. சைடு பார்க்கிறவருக்கு அந்த இழையின் ஆயுள் எவ்வளவு என்று தெரியும். முடிக்காமல் விட்ட சில்லறை வேலைகள் 'லூஸ் எண்ட்ஸ்'. பேச்சின் போக்கைத் தவறவிட்டால் 'லாஸ்ட் த த்ரெட்'. கொள்கையில் அசையாதவரை 'டைட் இன் த வுல்' என்கிறார்கள். நூலாக்குவதற்கு முன்பே, கம்பளியாக இருக்கும்போதே ஏற்றிய சாயம் லேசில் போகாது. அதை எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார். 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பதை எல்லா நோட்ஸிலும் 'பதற்றத்துடன் காத்திருத்தல்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நனைத்த கம்பளித் துணி சுருங்காமல் உலர வேண்டும் என்று மரச்சட்டத்தில் வரிசையாகக் கொக்கி அடித்து, துணியை இழுத்து மாட்டுவார்கள். அந்தக் கொக்கிதான் டென்டர்ஹுக். சத்திரப்பட்டிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. பிளீச்சிங் முடிந்த துணியின் இரு ஓரத்தையும் பிடித்து இழுத்துக் காயவைக்கிற இயந்திரத்துக்கு ஸ்டென்டர் என்று பெயர். அந்தப் பழைய சொல்லின் உறவுக்காரச் சொல். மாலையில் என்னிடம் படிக்க வருகிற ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "ரிசல்ட் வர்ற அன்னைக்கு எங்கம்மா அப்படித்தான் டீச்சரம்மா, நாலு பக்கமும் இழுத்துக் கட்டுன மாதிரி இருப்பாங்க" என்றாள். அதன் பிறகு அவளுக்கு அந்தத் தொடரை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இலக்கணத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது 'ஹேவ் பீன்' என்ற இடத்தில். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்கிறார்கள். கேட்கிறவர் சிரிக்கிறார். சிரிக்க இதில் எதுவும் இல்லை. 'மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. பிள்ளை தமிழின் தர்க்கத்துக்கு உண்மையாக இருக்கிறது. நேற்று தொடங்கி இன்றும் தொடர்கிற ஒன்றுக்குத் தமிழுக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலம் அதற்கென்று தனியாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஆசிரியர் கிடைத்தால் இது ஒரு மணி நேரப் பாடம். காட்டாமல், பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால், கட்டம் மட்டும் நினைவில் நிற்கும்.

அந்த 'ஹேவ்' எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் என்று சொல்வேன். ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். "மூணாம் நம்பர் ஃபிரேம் பத்து மணியில இருந்து மக்கர் பண்ணுது. டிராவலர் மாத்திட்டேன். இன்னும் எண்டு அறுந்துக்கிட்டேதான் இருக்கு. ஃபிட்டர் கிட்ட சொல்லியாச்சு, இன்னும் வரல." இதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்கள். 'ஃபிரேம் த்ரீ ஹேஸ் பீன் கிவிங் ட்ரபிள் சின்ஸ் டென். ஐ ஹேவ் சேஞ்ச்ட் த டிராவலர்ஸ். த எண்ட்ஸ் ஆர் ஸ்டில் பிரேக்கிங். வீ ஹேவ் டோல்ட் த ஃபிட்டர், பட் ஹீ ஹேஸ்ன்ட் கம் யெட்.' 'மாத்திட்டேன்', 'சொல்லியாச்சு' என்பவை வருகிற இடத்தில் 'ஹேவ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'இன்னும் வரல' என்பதற்கு 'யெட்' துணை வருகிறது. நான்கே வாக்கியத்தில் பள்ளிக்கூடம் ஓர் ஆண்டு நடத்துகிற காலங்கள் வந்துவிட்டன. வேலையை ஒப்படைக்கிற எந்த இடத்திலும் இதே நான்கு வாக்கியம்தான்: ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் மாறும்போது, ஸ்டேஷனில் ஆள் மாறும்போது, வங்கியில் விடுப்பு முடிந்து வருகிறவரிடம் கோப்பைக் கொடுக்கும்போது.

விதி தெரியாமல் மொழி வராது என்று வாதிடுகிறவர்களை ராஜபாளையத்துக்கு அழைக்கிறேன். இங்கே ராஜு சமூகத்தார் வீடுகளில் பல தலைமுறையாகத் தெலுங்கு பேச்சு. வாசலைத் தாண்டினால் தமிழ். தெலுங்கு எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் பேச்சில் தடுமாறுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை பாட்டியிடம் ஒரு மொழி, பால்காரரிடம் ஒரு மொழி என்று மாறிக்கொள்கிறது. இதே ஊரில்தான் தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று பல மொழிகளில் ஆழ்ந்த மு.கு. ஜகந்நாதராஜா வாழ்ந்தார், ஆண்டாளின் கதையைச் சொல்லும் கிருஷ்ணதேவராயரின் ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கினார். அவ்வளவு தூரம் போக எல்லாராலும் முடியாது. பேச்சு காதில் விழுந்து, தேவைப்பட்டு, வாயில் வருகிற வழி எல்லாருக்கும் பொது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் திருப்பாவை முப்பதும் சொல்கிற சிறுமிகளைக் கேளுங்கள். புத்தகம் பார்த்துப் படித்தவர்களைவிடப் பெரியவர்களோடு சேர்ந்து சொல்லிச் சொல்லிக் கற்றவர்களே அதிகம்.

ரயில் நிலையத்தை ஒரு வகுப்பறையாகவே எண்ணுகிறேன். செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் 12662 பொதிகை வண்டிக்கு நிற்கும்போது ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். 'வில் அரைவ் ஷார்ட்லி', 'இஸ் ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்', 'த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்'. மூன்றாவது வாக்கியத்தில் செயப்பாட்டுவினை எப்படி உட்கார்ந்திருக்கிறது, வருந்துகிறவர் யார் என்று சொல்லாமலே எப்படி வருத்தம் தெரிவிக்க முடிகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் சுவாரசியமாகப் பேசும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெட்டியில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று அச்சிட்டிருக்கிறது. காஸ் பாக்கெட்டில் 'டு நாட் யூஸ் இஃப் த பேக்கேஜ் இஸ் டேமேஜ்ட்' என்று இருக்கிறது. நிபந்தனை வாக்கியத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்த 'இஃப்'ஐ மீறினால் ஒருவருக்குப் புண் சீழ்பிடிக்கும்.

உலகமும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறது. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுதுகிற ஓ.இ.டி. என்ற தேர்வு ஆஸ்திரேலியாவில் உருவானது. பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றமும் அதை ஏற்கிறது. அதன் பேச்சுத் தேர்வில் நர்ஸ், நோயாளி என்று இருவர் உரையாடுவதுபோல் நடத்துகிறார்கள். எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அடுத்த மருத்துவமனைக்கோ மருத்துவருக்கோ கடிதம் எழுதச் சொல்கிறார்கள். வேலையே வினாத்தாள். 'ஐ ஹேவ் பீன் த்ரோயிங் அப் ஆல் நைட்' என்று நோயாளி சொன்னால் வாந்தி என்று புரிய வேண்டும். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் ஊசி கேட்கவில்லை, கால் மரத்துக் குறுகுறுக்கிறது என்று புரிய வேண்டும். இங்கிருந்து நர்ஸிங் படித்துப் போகிற பெண்கள் பயிற்சிக்கென்று பெருந்தொகை கட்டித்தான் இதைக் கற்கிறார்கள். அதே பிள்ளை ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண், முழுக்க எழுத்து. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் வாய் திறக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. எதைச் சோதிக்கிறோமோ அதைத்தான் பள்ளி கற்பிக்கும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொன்னவர் நான் மதிக்கிற ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "மில்காரன் பிள்ளைக்கு மில் இங்கிலீஷ், பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இலக்கியம்னு பிரிச்சுடுவீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த அச்சம் நியாயமானது. தொழிலுக்கு மட்டும் ஆங்கிலம் என்று நிறுத்தினால் அது அநீதிதான். நான் சொல்வது தொடங்குகிற இடத்தைப் பற்றி. சொந்த அப்பாவின் வேலையை நான்கு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாவது வாக்கியத்தில் அவரைப் பற்றித் தான் நினைப்பதைச் சொல்லத் தோன்றும். அங்கிருந்து செய்தித்தாள், அங்கிருந்து கதை. இன்று நடப்பது தலைகீழ்: கவிதையின் நயம் பாராட்டி விடை எழுதுகிற பிள்ளைக்கு டிக்கெட் கவுண்டரில் ஒரு கேள்வி கேட்க வரவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த அன்றாட ஆங்கிலத்தை வீட்டு வரவேற்பறை கற்றுக்கொடுத்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு அதை வேறு யார் கொடுப்பது? கடன் வாங்கி ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர் தேடுவதும் இந்தப் பேச்சைத்தான். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட அதே மனப்பாடம்.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. திருநெல்வேலி கலெக்டராக இருந்தவரின் பெயரைத் தாங்கி நூற்றைம்பது ஆண்டைக் கடந்து நிற்கிறது. ஆங்கிலப் பத்திரிகையை இலவசமாகப் புரட்டிப் பார்க்க என் சிறுவயதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் இடம். நூலகத்தில் பேசக்கூடாது என்பது விதி. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேஜைக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம். ராஜபாளையத்து நூலகத்திலும் அப்படியே. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள், மில் அதிகாரிகள் என்று இரண்டு ஊரிலும் ஆங்கிலம் பேசி வாழ்ந்தவர்கள் ஏராளம். மாலை நேரத்தில் அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும். மில் நிர்வாகங்கள் பயிற்சி மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளை நடத்துகின்றன. அதே வகுப்பில் ஷிஃப்ட் ஒப்படைப்பின் நான்கு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் மில்களில் வேலை செய்கிற பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்காரட்டும். பள்ளிக்கல்வித் துறை பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கட்டும். கேள்வியும் ஒன்று போதும்: உன் வீட்டில் ஒருவர் செய்கிற வேலையைச் சொல்.

நூலக மேஜைக்கு நான் வருகிறேன். கடிதங்களையும் ஷிஃப்ட் வாக்கியங்களையும் நான் எடுத்துக்கொள்வேன். ரயில் அறிவிப்புகளுக்கு எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிப் பேச்சுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருந்தால் முன்வாருங்கள்.